பக்கத்து இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டுவோர்

அறிவாலும் அகவையாலும் என்னை விஞ்சி, இந்த அவைக்கு அணியாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் நம் வணிகர் சங்கத்தின் தலைவர் அவர்களே! தலைவரின் வலப்புறம் அமர்ந்து வலது காதில் ஆலோசனை சொல்லும் துணைத்தலைவர் அவர்களே! இடப்புறம் அமர்ந்து, அதற்கு நேர் எதிரானதை இடது காதில் சொல்லும் செயலாளர் அவர்களே! இன்று புதிதாய்ப் பொறுப்பேற்கும் ஆலோசனைக் குழுவின் ஆன்றோர்களே, சான்றோர்களே! ஒலிபெருக்கிக்காரருக்கு ஒலிபெருக்கியை எப்படி வைக்க வேண்டும் என்று சற்றுமுன் வரை சொல்லிக்கொடுத்த பெரியோர்களே! கடையைக் கணவரிடம் ஒப்படைத்து, 'நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள்' என்ற ஒரே அறிவுரையோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் அன்பான தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பூட்டுக் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'அறிவுரையின் அருமை'. தலைப்பைத் தந்த செயலாளர் அதோடு விட்டாரா? சுருக்கமாகப் பேசு என்றார். துணைத்தலைவர் என்னை மறித்து, விரிவாகப் பேசு என்றார். தலைவர் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டு, அவர்கள் இருவர் சொல்வதையும் கேட்காதே என்றார். நானும் மூவருக்கும் தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறேன். இனி என் பேச்சு எப்படி இருந்தாலும் குற்றம் என்னுடையது, யோசனை அவர்களுடையது.

மேடையைப் பாருங்கள். மேலே இருக்கும் நாற்காலிகளைப் பாருங்கள், கீழே இருக்கும் நாற்காலிகளைப் பாருங்கள். அறிவுரை வழங்குவோர் வரிசை வளர்கிறது, வாங்குவோர் வரிசை தேய்கிறது. இப்படியே போனால், ஆலோசனை சொல்ல அமைத்த குழுவைப் போல, அதைக் கேட்பதற்கென்றே ஒரு குழுவை அடுத்த கூட்டத்தில் அமைக்க வேண்டி வரும். யாரது, என் பெயரைச் சேருங்கள் என்பது? ஐயா, நீங்கள் கேட்பவர் அல்லர். உங்கள் வீட்டம்மா அதோ சிரிக்கிறார்.

தமிழைப் போல் வளமான மொழி உண்டா? கொடுக்கிற சரக்கு ஒன்றுதான். அதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர்கள் எத்தனை, எத்தனை! அறிவுரை என்போம், அறவுரை என்போம். ஆலோசனை என்போம், யோசனை என்போம். புத்திமதி, உபதேசம், வழிகாட்டுதல் என்று வகைவகையாய் வைத்திருக்கிறோம். மேலதிகாரி சொன்னால் அது வழிகாட்டுதல். மாமியார் சொன்னால் அது புத்திமதி. சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னால் ஆலோசனை, வாங்காமல் சொன்னால் உபதேசம். நாம் சொன்னால் அக்கறை. அதையே அடுத்த வீட்டுக்காரர் சொன்னால், இவருக்கு எதற்கு இந்த வேலை?

பெயர்கள் இப்படி என்றால், அவை நம் வாயிலிருந்து இறங்கிவரும் படிக்கட்டு இன்னும் அழகு. 'தப்பா நினைக்காதே' என்று முதற்படி. கேட்பவர் தப்பாகத்தான் நினைக்கப் போகிறார் என்பது அங்கேயே உறுதியாகிவிடும். 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று அடுத்த படி. 'நானா இருந்தா' என்று அதற்கடுத்த படி. கடைசியில், 'சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உன் இஷ்டம்' என்று தரையில் கால் வைப்போம். என் இஷ்டத்துக்கு விடுவதாக இருந்தால், ஐயா, இவ்வளவு படி இறங்கி வந்திருக்க வேண்டாமே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தச் சொற்களால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையவிருந்த கதையை நான் அருகிருந்து பார்த்தவன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். முனைத் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். மாவு பிசைவதும் அடுப்பைப் பார்ப்பதும் அக்கா. வண்டியைப் பார்ப்பது மச்சான். விடியும் முன்பே ரொட்டியும் பன்னும் அடுக்கிய தட்டுகளை வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் பள்ளி விடுதிக்கும் ரயில் நிலையக் கடைகளுக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். கடைக்கு வந்து வாங்கிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வேனில் போகிற சரக்கில்தான் அந்த வீடு நடந்தது.

அப்படி இருக்கையில் மச்சானுக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், எதிரே நிற்பவர் யார் என்று தெரியாது. வண்டிக்குச் சம்பள டிரைவர் ஒருவரை வைத்தார்கள். நல்ல மனிதர். அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றார். அந்த நேரத்துக்கு எழுந்து வர வேறு யாரும் ஒப்பவில்லை. ஒரு நாள் ரொட்டி வராவிட்டாலும் வேறு இடத்தில் பேசிக்கொள்வேன் என்று கேன்டீன்காரர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். அக்கா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். வேனை நானே ஓட்டப் பழகப் போகிறேன் என்றாள்.

நீ ஓட்டியிருக்கலாமே என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். தம்பி, எனக்குத் தெரிந்தது இருசக்கர வண்டி. அதிலும் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

அன்று தொடங்கியது, அவையோரே, அறிவுரை! அடுத்த கடைத் தையற்காரர் வந்தார். காலை மிதியில் பூப்போல வைக்க வேண்டும் என்றார். அவர் மிதிப்பது தையல் எந்திரம். மாடியில் இருக்கும் பல் மருத்துவர் இறங்கி வந்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன் என்றார். இருந்தாலும்! எத்தனை பேரை எத்தனை குழியில் இறக்கிவிட்ட சொல் அது! அவர் தூரத்தைப் பார்த்து ஓட்டு என்றார். எதிர்வீட்டு அண்ணி பக்கத்தைப் பார்த்து ஓட்டு என்றார். அண்ணியின் மருமகன், கண்ணாடியைப் பார்த்து ஓட்டு என்றார். அக்கா ஒருத்திக்கு இருப்பது இரண்டு கண். அந்த வீட்டில் வாயைத் திறக்காதவன் நான் ஒருவன்தான். பண்பு என்று நினைத்துவிடாதீர்கள், இடைவெளி கிடைக்கவில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஓர் ஆசிரியர், பிரேக் வாத்தியார் என்றுதான் அவரை எல்லோரும் அழைப்பார்கள். பயிற்சி வண்டியில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக், கற்பிப்பவர் காலடியில் ஒரு பிரேக். அது ஆபத்துக்கு அழுத்த வைத்தது. நம் வாத்தியார் எதற்கும் அழுத்துவார். வளைவு வந்தால் 'பிரேக்கு' என்பார், கூடவே அவரும் அழுத்திவிடுவார். நாய் குறுக்கே வந்தால் 'பிரேக்கு', அழுத்திவிடுவார். குறுக்கே வரலாமா என்று நாய் யோசித்தாலும் 'பிரேக்கு', அழுத்திவிடுவார். அக்காவின் கால் அசைவதற்குள் வண்டி நின்றிருக்கும். நல்லா நிறுத்துறீங்கம்மா என்று பாராட்டு வேறு கிடைக்கும்.

பின்னிருக்கையில் யார்? நம் மச்சான். வாத்தியாரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தானும் ஏறிக்கொண்டார். கண் தெரியாதவர் எப்படி வழி சொல்வார் என்கிறீர்களா? ஞாபகத்தில் சொல்வார்! வருடக்கணக்காய் ஓடிய தெருக்கள் அவருக்கு மனப்பாடம். இப்போது பள்ளம் வரும், மெதுவாகப் போ என்பார். அந்தப் பள்ளத்தை மூடிச் சாலை போட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். அக்காவோ, இல்லாத பள்ளத்துக்கு மரியாதை கொடுத்து வேகத்தைக் குறைப்பாள். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் ஊரே அதிர ஒலியெழுப்பும். அறிவுரை சொல்வோரில் பாதிப்பேர் இப்படித்தான், தாய்மார்களே. தாம் ஓட்டிய காலத்துப் பள்ளத்தை நமக்குக் காட்டுகிறார்கள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு அதிகாரியோ, பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று எண்ணும்படியான மனிதர். அக்காவின் வேனிலேயே பக்கத்தில் ஏறி அமர்ந்தார். கிளப்பச் சொல்லிக் கை காட்டினார், அவ்வளவுதான். அக்கா கிளப்பினாள். வளைத்தாள், ஒடித்தாள், பின்னால் வந்தாள், எல்லாம் பிசகில்லாமல் செய்தாள். வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதில் வண்டியை நிறுத்தினால் தேர்வு முடிந்தது.

வண்டி கோட்டை நோக்கி வந்தது. கோட்டைத் தொட்டது. கோட்டைக் கடந்தது. கடந்து, வரிசையாய் வைத்திருந்த கூம்புகளைச் சாய்த்து, அலுவலக வாசலின் பூந்தொட்டிகளில் முட்டி, தானாக அணைந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. அப்போதுதான் அந்த அதிகாரி அன்றைய முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, கோடு தெரியலையா? ஏன் நிறுத்தலை?"

அக்கா திகைத்துப் போய் அவரைப் பார்த்தாளாம். "நீங்க பிரேக்குன்னு சொல்லவே இல்லையே சார்."

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்று வந்தது. அடுத்த நொடியே நின்றுவிட்டது. மாவு என்ன பதத்தில் இருக்கிறது என்று தொட்டே சொல்பவள், தணலின் நிறத்தைப் பார்த்து ரொட்டியை எடுப்பவள், கண்ணெதிரே கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாளே! யார் செய்தது இதை? வாத்தியார் கெட்டவரா? தையற்காரர் கெட்டவரா? எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து, பார்க்கத் தெரிந்த ஒருத்தியைப் பார்க்க முடியாதவளாக்கி வைத்திருந்தோம்.

தோற்று வீடு வந்தவளுக்கு என்ன கிடைத்தது? 'அப்பவே சொன்னேன்.' தையற்காரர் அப்பவே சொன்னாராம், பல் மருத்துவர் அப்பவே சொன்னாராம், அண்ணி அதற்கும் முன்பே சொன்னாராம். எல்லோரும் அப்பவே சொல்லியும் தொட்டி எப்படி உடைந்தது என்று தெரியவில்லை. அடுத்த தேர்வு மாதக் கடைசியில்தான். அதில் தவறினால் டிரைவரும் இல்லை, ரொட்டியும் போகாது, அடுப்பை மூட வேண்டியதுதான். அக்கா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாத வேகத்தில் பிசைந்தாள்.

மறுநாள் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். ஒரு தட்டு நிறையப் பன்னோடு போனாள். எப்படிப்பட்ட பன்? கடித்தால் வாயை முழுதாய் அடைத்துக்கொள்ளும் கனத்த பன். இனி வண்டி ஓடும்வரை சார் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், உயிர்போகிற ஆபத்து என்றால் மட்டும் பிரேக்கை அழுத்தலாம் என்றாள். பேசாமல் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதே என்று வாத்தியார் முனகினார். தெரியாவிட்டால் பரவாயில்லை, இன்னொரு பன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கடைப்பக்கம் வந்த தையற்காரருக்கு ஒரு பன். அண்ணிக்கு ஒன்று. பல் மருத்துவருக்கு இரண்டு. அவர் வாய் பெரிது. எனக்கும் ஒன்று கொடுத்தாள், நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்றேன், சொல்லப்போகிற முகமாக இருக்கிறது என்றாள்.

தெரு அமைதியானது. அக்காவின் கை நிதானமானது. ஆனால் ஒருவர் வாயை மட்டும் பன்னால் அடைக்க முடியவில்லை. சர்க்கரைக்காரர் ஆயிற்றே! மச்சான் பின்னிருக்கையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நாள் ஆஸ்பத்திரி முனையில், இப்போது திரும்பு என்றார். அவர் ஞாபகத்தில் அது வெறிச்சோடிய முனை. அக்கா அந்தக் குரலைக் கேட்டதும் பார்க்காமல் திருப்பினாள். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். வாய் நிறையப் பன்னோடு வாத்தியார் பிரேக்கை அழுத்தினார். அந்த ஒரு முறை அவர் அழுத்தியது நியாயம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் வண்டி நின்றது.

அக்கா வண்டியை ஓரங்கட்டி அணைத்தாள். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாளாம். பிறகு திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏங்க, என் கண்ணு நல்லாத்தானே இருக்கு. நீங்க சொன்னதும் அதை மூடிக்கிறேன். இனிமே சொல்லாதீங்க."

மச்சான் வாயை மூடினார். வண்டியில் மட்டுமா? வீட்டிலும் மூடினார். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையசைப்பார், வேண்டாமா என்றாலும் தலையசைப்பார். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னிடம் மட்டும் பேசினார்.

"வாயை மூடிட்டா அந்த வண்டியில நான் யாருடா? ரொட்டித் தட்டையாவது ஒரு எடத்துல எறக்குவாங்க. என்னை எங்க எறக்குவாங்க?"

அவையோரே! அறிவுரைக்கு ஆயிரம் பெயர் வைத்த நாம், இந்த ஒரு பெயரை வைக்க மறந்தோமே! பயம்! சொல்பவருக்குச் சொல் நின்றால் தாம் இல்லாமல் போவோமோ என்ற பயம்! அறிவு நிறைந்து வழிவதாலா நாம் அடுத்தவருக்கு அள்ளி அள்ளித் தருகிறோம்? நம்மைக் கேட்காமல் உலகம் நன்றாக ஓடிவிடுமோ என்று நடுங்கித் தருகிறோம்! பிள்ளை தானே படித்துவிடுவானோ, மருமகள் தானே சமைத்துவிடுவாளோ, கடைப்பையன் தானே கணக்கு முடித்துவிடுவானோ என்ற நடுக்கத்துக்கு நாம் போட்டிருக்கும் பட்டுச்சட்டைதான் புத்திமதி. பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று சைகை காட்டுகிறார் துணைத்தலைவர். நன்றி ஐயா, எனக்குத் தாகம் எடுத்தால் தெரியும்.

மறு தேர்வு வந்தது. அதே அதிகாரி, அதே மௌனம். புதுத் தொட்டிகள் வேறு வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டில், யாரும் சொல்லாமல், எவரும் அழுத்தாமல், அக்கா தன் காலால் தன் வண்டியை நிறுத்தினாள். அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார்.

டிரைவர் விடைபெற்றுப்போன மறுநாள் விடியற்காலை, அக்காவின் முதல் ஓட்டம். தட்டுகளை இறக்கிக் கொடுக்க நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மச்சான் வாசலிலேயே நின்றார். அக்கா வண்டியைக் கிளப்பினாள். பிறகு எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"வாங்க, ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"சும்மா உக்காந்து வாங்க."

ஏறினார். வண்டி புறப்பட்டது. நான் தட்டுகளுக்கு இடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் தரையை அழுத்தியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை இருக்கையைப் பிடித்திருந்தது. ஒரு தெரு போனது. இன்னொரு தெரு போனது. குழந்தைக்காரப் பெண் தப்பிய அந்த ஆஸ்பத்திரி முனை வந்தது. அக்கா நிறுத்தினாள். இருபுறமும் பார்த்தாள். யாரோ ஒரு முதியவர் கடக்கக் காத்திருந்தாள். பிறகு மெல்லத் திருப்பினாள். அதற்கப்புறம் அவர் கால் தரையை அழுத்தவில்லை. பிடித்திருந்த கை மடிக்கு வந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மயங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். முன்னால் நகர்ந்து தோளைத் தொடப் போனேன். குறட்டை கேட்டது.

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எழுப்பாதடா. கண்ணு போனதிலேர்ந்து மனுஷன் ஒரு நாளும் தூங்கலை."

கேன்டீன் வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தாமல், சத்தமில்லாமல் நாங்கள் தட்டுகளை இறக்கினோம். கேன்டீன்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா உதட்டில் விரலை வைத்தாள். அவரும் பூனைநடை நடந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்பார்ந்த ஆலோசனைக் குழுவினரே! அந்தக் காலையில் மச்சான் என் அக்காவுக்குக் கொடுத்ததை எந்தச் சொல்லால் சொல்வேன்? அறிவுரையா அது? ஆலோசனையா அது? நாங்கள் அத்தனை பேர் சேர்ந்து, அத்தனை நாள் தொண்டை வற்றச் சொல்லியும் தர முடியாத ஒன்றை, அந்த மனிதர் தூங்கித் தந்தார்! நீ ஓட்டுகிறாய், நான் கண்ணயர்கிறேன் என்று தம் உயிரை அவள் கையில் வைத்துத் தந்தார்! இன்றுவரை அந்த வண்டி ஓடுகிறது. இன்றுவரை அந்த அடுப்பு எரிகிறது. நாளை உங்களிடம் ஒரு பெண் வருவாள், ஓர் இளைஞன் வருவான், கடை தொடங்கப் போகிறோம் என்பார்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். பயப்படாமல் உட்காருங்கள். அது போதும், அது போதும்!

இதுவும் அறிவுரைதானே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஆமாம் ஐயா. இந்த நோய் ஒலிபெருக்கி வழியாகவும் தொற்றும். ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டும். முதலில் தலைவர் அவர்களுக்கு. நான் பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் கண்களை மூடிவிட்டார். வேறொரு பேச்சாளராக இருந்தால் வருந்தியிருப்பார். நான் வருந்தவில்லை. இவ்வளவு பெரிய நம்பிக்கையை இதுவரை யாரும் என்மீது வைத்ததில்லை. ஆகவே அவையோரே, தாய்மார்களே, கைதட்ட நினைப்பவர்கள் மெதுவாகத் தட்டுங்கள். அவரை யாரும் எழுப்ப வேண்டாம். எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.